போட்டும் போடாத மாதிரி

அந்தக் காலத்தில் பவுடர் போட்டால் போட்டது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எதற்குப் போடுவானேன்? குளித்தாயிற்று, தலை வாரியாயிற்று, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பெண்ணைக் கவனித்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள் என்பதற்கெல்லாம் சேர்த்து ஒரே அத்தாட்சி, நெற்றியிலும் கன்னத்திலும் பூத்திருந்த அந்த வெள்ளைதான். கழுத்தில் கொஞ்சம் திட்டாக நின்றுவிட்டால் இன்னும் விசேஷம். பக்கத்து வீட்டு மாமி தெருமுனையிலிருந்தே பார்த்து, "எங்கடி கிளம்பிட்டே?" என்று கேட்பாள்.

இந்தக் காலத்தில் பவுடர் போட்டால் போட்டது தெரியவே கூடாது. தெரிந்தால் போடத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படித் தெரியாமல் இருப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஏழெட்டுக் குப்பிகள் வேண்டியிருக்கின்றன. சுமாரான பட்டுப்புடவை ஒன்று எடுக்கிற காசு கரைகிறது. நான் இரண்டு காலத்திலும் முகம் வைத்திருந்தவள் என்கிற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில், மாயவரத்தில், எங்கள் வீட்டு அலங்காரச் சாமான் மொத்தமும் கூடத்துச் சுவர் மாடம் ஒன்றுக்குள் அடங்கியது. தகர டப்பாவில் பவுடர். குட்டிகூராவோ பாண்ட்ஸோ, கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாரோ அது. ஒரு ஸ்னோ புட்டி, சாந்துப்பொட்டு, குங்குமச் சிமிழ், விளக்கில் கரி பிடித்து வீட்டிலேயே செய்த கண்மை. பயத்தம் மாவு சமையலறைச் சொத்து. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அதில் ஒரு கரண்டி எங்களுக்கு ஒதுக்கப்படும்.

பவுடர் டப்பாவின் தலையைத் திருகினால் ஓட்டையும் ஓட்டையும் நேராக வந்து நிற்கும். உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கையையும் உரசி, முகத்தில் ஒரே அறை. அறைந்தது போக மிச்சம் கழுத்துக்கு. அதிலும் மிச்சம் பக்கத்தில் நின்ற தம்பிக்கு. டப்பா தீருகிற சமயத்தில் அடியில் தட்டித் தட்டித் தகரமே நெளிந்துபோயிருக்கும். லீவு விட்டுவிட்டால் அண்ணன் அதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் கேரம் போர்டில் கொட்டிவிடுவான். ஸ்ட்ரைக்கர் வழுக்குவதற்கும் நாங்கள் பளிச்சென்று இருப்பதற்கும் ஒரே சரக்கு. டால்க் என்கிற கல்லின் மாவு அது. அம்மா வத்தக்குழம்பு வைக்கிற கல்சட்டி இருக்கிறதே, அந்த மாக்கல்லிலும் பெரும்பங்கு டால்க்தான். வேதியியல்படி பார்த்தால் எங்கள் முகமும் குழம்புச் சட்டியும் நெருங்கிய சொந்தம்.

பவுடருக்கு அப்போது ஒரே நிறம். வெள்ளை. கொஞ்சம் உசத்தியானது என்றால் ரோஸ் கலந்த வெள்ளை. போட்டுக்கொள்கிற முகத்துக்கு நிறம் உண்டு என்பது தயாரித்தவர்களுக்குத் தோன்றவில்லை. என் நிறத்தை வீட்டில் மரியாதையாக 'மாநிறம்' என்பார்கள். வெளியே அவ்வளவு மரியாதை கிடையாது. அதன் மேல் வெள்ளைப் பவுடர் விழுந்தால் வெள்ளையாகவும் இருக்காது, மாநிறமாகவும் இருக்காது. சாம்பல் பூத்துப் போகும். மூன்றாவது பீரியட் வருவதற்குள் வியர்வை நெற்றியிலிருந்து இறங்கிக் கோடு கோடாக வழி வகுத்துவிடும். "வீட்டுக்கு வெள்ளையடிச்சதுல மிச்சம் இருந்துச்சாடி?" என்று பின்பெஞ்சில் கேட்பார்கள். பொங்கல் சமயமாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பொருத்தமும் கூடும்.

1975ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. அதுவரை பவுடரால் மறைக்கப் பார்த்த நிறத்தை இனிமேல் ட்யூபால் மாற்றிவிடலாம் என்றார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் ட்யூப்கள் பிதுங்கித் தீர்ந்தன. பெண்கள் மட்டும் அவரவர் நிறத்திலேயே கல்யாணமாகிப் போனார்கள். 2020ல் அந்தக் கம்பெனி பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற பாதியை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. ட்யூபால் எங்களை மாற்ற முடியாவிட்டாலும் எங்கள் காலம் ட்யூபை மாற்றிவிட்டது.

பவுடர் தெரிய வேண்டும் என்பதில் ஊருக்கே ஒருமித்த கருத்து இருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் பொதுச் சொத்தாகக் கிடக்கும். வீட்டில் போட்டுக்கொண்டு வந்தது போதாது என்று ஸ்டூடியோக்காரரே முடிவு செய்து இன்னொரு பூச்சு போடச் சொல்வார். சினிமாவில் இது பெருந்தொழில். ஜெமினி ஸ்டூடியோவில் 'பான்கேக்' லாரி லாரியாக வந்து இறங்கியதை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி 1930களில் ஹாலிவுட்டின் வண்ணப்படங்களுக்காகச் செய்த பூச்சு அது. வண்ணப்படத்தில் முகம் இயற்கையாகத் தெரிவதற்காகக் கண்டுபிடித்ததைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர்கள் லாரி கணக்கில் வாங்கினார்கள் என்றால், நாங்கள் டப்பா கணக்கில் அப்பியதில் என்ன ஆச்சரியம்?

இப்போதைய கதைக்கு வருகிறேன். சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்காக நான் வேளச்சேரியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணன் பெண் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "அத்தை, இன்னிக்கு நான்தான் உங்களுக்கு மேக்கப். நீங்க சும்மா உக்காந்தா போதும்" என்றாள். நான் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன். அவள் அதை மெல்ல வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

முதலில் முகம் கழுவ ஒரு திரவம். கழுவிய முகத்தில் ஒற்றி எடுக்க இன்னொன்று. அப்புறம் நியாசினமைட். அதற்கு மேல் ஹயலூரானிக் ஆசிட். ஆசிட் என்றால் எங்கள் காலத்தில் கக்கூஸ் கழுவுவது. "இது அந்த ஆசிட் இல்ல அத்தை, இது தண்ணியைப் பிடிச்சு வைக்கும்" என்றாள். அதன் மேல் மாய்ஸ்சரைசர். அதன் மேல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்த சன்ஸ்கிரீன். தண்ணீராக இருப்பது முதலில், கெட்டியாக இருப்பது கடைசியில் என்று ஒரு வரிசை இருக்கிறதாம். "வரவேற்பு ராத்திரி ஏழு மணிக்கு. சூரியன் வர மாட்டாரே?" என்றேன். வரிசை என்றால் வரிசைதான் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் பவுடர். மினரல் பவுடர். "டால்க் கிடையாது அத்தை" என்று அவள் சொன்ன தோரணையில், நாங்கள் அத்தனை வருஷம் போட்டுக்கொண்டதெல்லாம் குற்றப்பட்டியலில் ஏறியது. அவள் சொல்வதிலும் பொருள் உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழந்தைப் பவுடரே வழக்குகளில் சிக்கி, 2020ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க்கை நிறுத்தி, 2023ல் உலகம் முழுக்கச் சோள மாவுக்கு மாறிவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்து, மூஞ்சியைச் சுற்றிப் புகையாகப் பவுடர் பறக்க விட்டவர்கள் நாங்கள். எதுவாக இருந்தாலும் மாவை மூச்சில் ஏற்றுவது நல்லதில்லை என்பது மட்டும் இப்போது எல்லா டாக்டர்களும் சொல்கிற சங்கதி.

டப்பாவின் விலையைக் கேட்டேன். சொன்னாள். அந்தக் காசுக்கு ஒரு காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வண்டி மணலும் கல்லும் இறக்குவார்கள் என்று சொல்ல வாயெடுத்து, டப்பாவின் பின்பக்கம் இருந்த பட்டியலைப் படித்தேன். வாயை மூடிக்கொண்டேன். உள்ளே இருப்பதும் மணலும் கல்லும்தான்.

முதலில் மைக்கா. நாங்கள் சின்ன வயதில் ஆற்று மணலில் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்ட காக்காப்பொன். ஜார்க்கண்டில் கோடர்மா பக்கமும் ஆந்திரத்தில் கூடூர் பக்கமும் வெட்டி எடுக்கிறார்கள். ஜார்க்கண்டின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் காக்காப்பொன் பொறுக்குவதும் மண் சரிந்து சாவதும் 2016ல் உலகச் செய்தியானது. மறு வருஷம் கம்பெனிகள் கூடி இதைச் சரி செய்ய ஓர் அமைப்பு ஏற்படுத்தின. சில கம்பெனிகள் ஆலையில் செய்கிற செயற்கை மைக்காவுக்குப் போய்விட்டன. முகத்தில் மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று டப்பாவில் போடுவதில்லை.

அடுத்தது டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கு மூலமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கறுப்பு மணலாகக் கிடக்கிறது. இந்தக் கரையிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909ல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மானியர் ஆராய்ந்து பார்த்துத்தான் அதன் பெருமை வெளியே தெரிந்தது. அன்றைக்கு அவர் தேடியது காஸ் விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய மோனசைட். இன்று இல்மனைட்டுக்கும் ஏக கிராக்கி. அந்தக் கறுப்பு மணலைச் சுத்தம் செய்தால் கிடைப்பது அப்பழுக்கில்லாத வெள்ளை நிறமி. நம் வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கிற பெயின்டில் வெண்மை தருவதும் அதேதான். ஆக, பின்பெஞ்சுப் பெண்கள் கேலி பேசியது அரை நூற்றாண்டு தாமதமாக விஞ்ஞானபூர்வமாக உண்மையாகிவிட்டது. இப்போதுதான் நான் நிஜமாகவே வெள்ளையடித்துக்கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெரியாமல் இருப்பதற்குக் காரணம் பட்டியலில் கடைசியாக இருந்த இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று. மார்கழிக் கோலத்துக்குக் கரை கட்டுகிற காவிக்குச் சிவப்புத் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். வெள்ளையோடு இந்த மூன்றையும் அளந்து கலந்தால் உலகத்தில் எந்தத் தோலின் நிறத்தையும் கொண்டுவந்துவிடலாம். அண்ணன் பெண் என் தாடையோரம் மூன்று டப்பாக்களிலிருந்து மூன்று கோடு இழுத்தாள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் என் நிறமாம். நடுக்கோடு காணாமல் போயிற்று. எந்த நிறத்தை மறைப்பதற்கு எங்கள் அம்மா மாதாமாதம் பவுடர் வாங்கினாளோ, அதே நிறத்தை இப்போது டப்பாவில் அடைத்து எனக்கே விற்கிறார்கள். அதுவும் மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலையில் இல்லை. அந்தக் கணக்கு வாய்பாட்டுக்குள் அடங்காது.

நிறம் கிடைத்துவிட்டது, இனி பூச வேண்டியதுதான் என்று நினைத்தேன். அண்ணன் பெண்ணுக்கும் நேரமாகிவிட்டிருந்தது. சன்ஸ்கிரீன் பூசிய கையோடு பிரஷை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாள். காம்பு குட்டையாக, மயிர் அடர்த்தியாக இருக்கிற பிரஷ். கபுகி என்று பெயர். ரெண்டு சுற்றுச் சுற்றியிருப்பாள். கன்னத்திலிருந்து பொடிப்பொடித் திரியாக ஏதோ உருண்டு என் மடியில் விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். கன்னம் முழுக்கத் திரி.

"ஐயோ, பில்லிங்!" என்றாள்.

நல்லவேளை, அது நோய் இல்லை. சன்ஸ்கிரீனில் சிலிக்கோனும், தோலின் மேல் படலமாகப் படிகிற வேறு சில சரக்குகளும் உண்டு. அந்தப் படலம் காய்ந்து பிடிப்பதற்கு முன்பே மேலே தேய்த்தால் அது தோலை விட்டுக் கிளம்பிச் சுருண்டுகொள்ளும். மேலே விழுந்த பவுடரும் அந்தச் சுருளோடு சேர்ந்து உருளும். கீழே பூசியது அளவுக்கு மிஞ்சியிருந்தாலும் இதே கதை. இதற்குப் பரிகாரம் காத்திருப்பது ஒன்றுதான். அதுவும் ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில்.

மறுபடி முகம் கழுவி, மறுபடி எல்லாக் குப்பியும் திறந்து, இந்தத் தடவை பட்டாணி அளவுக்கு மேல் எதையும் எடுக்காமல் பூசி, சன்ஸ்கிரீனுக்குப் பிறகு பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். முகம் ஈரமாக இருக்கும்போது பவுடர் பட்டால், பட்ட இடத்திலேயே திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் பரவாது. "அதுக்குத்தான் குங்குமத்துக்கு அடியில மெழுகு வைப்போம்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் துளி தேன்மெழுகைத் தடவி அதன் மேல் குங்குமத்தை அழுத்தினால் ராத்திரி வரை அசையாது. குங்குமம் அடர்ந்து, சிமிழில் இருந்ததைவிட ஒரு படி கறுத்தும் தெரியும். எண்ணெய்ப் பசை பட்டால் எந்தப் பொடியும் கறுத்துத்தான் காட்டும். காலையில் சரியாக இருந்த மேக்கப் மத்தியானம் ஒரு ஷேட் இறங்கிவிடுகிறது என்று இவளுடைய சிநேகிதிகள் புலம்புவதில் பாதிக்குக் காரணம் இதுதான். நெற்றிப் பொட்டுக்கு வேண்டிய குணம் கன்னத்தில் வேண்டாத குணம்.

பிறகு டிஷ்யூவால் முகத்தை ஒற்றி மிச்சப் பசையை எடுத்தாள். டப்பா மூடியில் ஒரு சிட்டிகை பவுடரைக் கொட்டினாள். அங்கேதான் சென்னை குறுக்கே வந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சிட்டிகையில் பாதி டீப்பாய் மேல் போயிற்று. ஃபேனை நிறுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் என் மூக்கு நுனியில் வியர்வை முத்து கட்டியது. ஃபேன் போட்டால் பவுடர் நிற்காது. நிறுத்தினால் முகம் நிற்காது. இந்தப் பவுடரை அமெரிக்காவில் தொண்ணூறுகளில் டி.வி.யில் காட்டிக் காட்டி விற்றவர்களுக்குப் பங்குனி மாதத்து வேளச்சேரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஏசி இருக்கிற அறைக்கு முகத்தோடு சேர்த்துக் குப்பிகளும் குடிபெயர்ந்தன.

மூடியில் பிரஷை மெதுவாகச் சுழற்ற வேண்டும். மயிருக்குள் பவுடர் ஏறியதும் விளிம்பில் தட்டி மிச்சத்தை உதற வேண்டும். பிறகு கன்னத்தில் முதலில் ஒற்றி, ஒற்றி, அப்புறம்தான் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரே பூச்சில் மறைக்கப் பார்க்கக் கூடாது. மெல்லிசாக ஒன்று, தேவைப்பட்டால் அதன் மேல் இன்னொன்று. கண்ணோரச் சுருக்கத்துக்கென்று தனியாகப் பவுடர் எடுக்கக் கூடாது. பிரஷில் மிச்சமிருப்பதுதான் அதற்கு. இல்லாவிட்டால் பவுடர் சுருக்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு வயதை அடிக்கோடிட்டுக் காட்டும். தோல் உலர்ந்து செதிலாக இருக்கிற இடத்திலும் அப்படித்தான், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் பன்னீரை லேசாகத் தெளித்தால் மாவு பூசின தோற்றம் அடங்கிவிடும்.

கேட்கக் கேட்க எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா விசேஷ நாட்களில் அறைவது கிடையாது. முகம் கழுவுவாள். ஸ்னோவைப் புள்ளி புள்ளியாக வைத்துப் பரப்புவாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும், ஓடுவாள். அப்பா சட்டைப் பித்தானைத் தேடுவார். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு பக்கம் பின்னல் போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் வருவாள். வந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு ஒற்று. அப்புறம் வட்ட டப்பாவிலிருந்து ரோஸ் கலர் பஃபை எடுத்து, டப்பா விளிம்பில் தட்டிவிட்டு, அழுத்தி அழுத்தி வைப்பாள். எங்கள் முகத்தில் திட்டுத் திட்டாக நின்ற அதே பவுடர் அவள் முகத்தில் மட்டும் சீராக நிற்கும்.

ஸ்னோ என்பது எங்களுக்கு அழகுக் கிரீம். உண்மையில் அது பவுடருக்கு அடித்தளம். பூசினால் மறைந்துபோய், பளபளப்பில்லாத ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுப் போகும்; அதன் மேல் பவுடர் சமமாகப் பிடிக்கும். அதற்காகவே ஸ்டியரிக் அமிலத்தை வைத்துச் செய்த சரக்கு. பம்பாயில் பட்டன்வாலா 1919ல் கொண்டுவந்த ஆப்கன் ஸ்னோ அந்த வம்சம். இப்போது அதே வேலையைச் செய்கிற டப்பாவில் 'ப்ரைமர்' என்று எழுதியிருக்கிறது. விலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கிறது.

இதை அண்ணன் பெண்ணிடம் சொன்னதும் அவள் கண் விரிந்தது. "அப்போ பாட்டிக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு அத்தை! அந்தக் காலத்து ஞானம்!" என்றாள். ஞானமெல்லாம் ஒன்றும் இல்லை. பால் பொங்கியது, அவ்வளவுதான். அந்த வீட்டில் அவளை ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் கண்ணாடி முன்னால் நிற்க விட்டிருந்தால் அவளும் எங்களைப் போல ஈரத்தில் அறைந்திருப்பாள். பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில் வேண்டிய இடைவெளியை அவளுக்குக் குடும்பம் இலவசமாக ஏற்பாடு செய்து கொடுத்தது. இவள் அதற்கு மொபைலில் டைமர் வைக்கிறாள். என்னைக் கேட்டால் டைமர்தான் மேல். அது பித்தான் எங்கே என்று கேட்பதில்லை.

முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினாள். நான்தான் இருந்தேன். முன்னைவிட நன்றாகத் தூங்கி எழுந்த நான், அவ்வளவுதான் வித்தியாசம். மொபைலில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். டைட்டானியமும் துத்தநாகமும் அதிகமாகிவிட்டால் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தை மட்டும் வெளுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடுமாம். படத்தில் கழுத்தும் முகமும் ஒரே நிறம். "பர்ஃபெக்ட்" என்றாள். ஜன்னல் ஓரத்திலிருந்த என் பழைய டப்பாவை அவள் பார்க்காத நேரம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். காலில் செருப்பு கடித்தால் உதவும்.

மண்டபத்தில் பெரியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வயது எண்பத்தைந்துக்கு மேல். நெற்றியிலும் கழுத்திலும் சுருக்கங்களை மீறிப் பவுடர் பளீரென்று இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, கல்யாண வீட்டுக்கு வர்றவ ஒரு பவுடராச்சும் போட்டுக்கிட்டு வரக் கூடாதா? அப்படி என்ன வேலை உனக்கு?"

அண்ணன் பெண் பூரித்துப்போனாள். "அத்தை, இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் சொல்ல முடியாது" என்று என் காதில் கிசுகிசுத்தாள். நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா தன் மஞ்சள் பையைப் பிரித்து டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கையையும் உரசிக்கொண்டிருந்தாள்.